சொல்லுக்கு முன்னால் வருபவை

(குழந்தை வளர்ச்சி குறித்து பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடிய கூட்டத்தில், குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகள் ஓடினால் ஓடட்டும், சத்தம் போட்டால் போடட்டும். இன்றைக்கு இந்த மண்டபத்தில் யாரும் எந்தக் குழந்தையையும் அதட்டி உட்காரவைக்க வேண்டாம்.

"ரெண்டு வயசு முடியப்போகுது டாக்டர், இன்னும் அம்மான்னுகூட சொல்லல." இந்தச் சொற்களோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் ஏராளம். என்னிடம் வருவதற்குள் அவர்கள் ஊர் முழுக்கக் கேட்டு முடித்திருப்பார்கள். "இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்பார் மாமியார். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ஒருவர் வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்வார். அதனால் வாந்தி வருமே தவிர பேச்சு வராது. இன்னொருவர் நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகும் என்பார். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு பிசகலாம். குழந்தை சொல்லே இல்லாமல் இருப்பதற்கு அது காரணமாகாது. ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு அந்தத் தாய் போனில் தேடுவாள். ஆட்டிசம் என்ற சொல் வந்து நிற்கும். அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் ஏது?

ஒரு பக்கம் "ஒண்ணுமில்ல, விடு." இன்னொரு பக்கம் "போச்சு, எல்லாம் போச்சு." இந்த இரண்டில் ஒன்றைத்தான் நம் குடும்பங்கள் பிடித்துக்கொள்கின்றன. இரண்டுமே குழந்தையைப் பார்க்காமல் சொல்லும் பேச்சு. குழந்தையை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

காத்திருக்கச் சொல்பவர்கள் நம் பக்கத்தில் குமரகுருபரரைத் துணைக்கு அழைப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூர் சன்னதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. அவரே அஞ்சு வயசுலதான் பேசினார், உன் பிள்ளைக்கு என்ன அவசரம் என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் காத்திரு என்று அதில் யார் சொன்னது? அந்தப் பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தூருக்குப் போனார்கள், விரதம் கிடந்தார்கள். அவர்கள் காலத்தில் போவதற்கு எந்த இடம் இருந்ததோ அங்கே போனார்கள். உங்கள் காலத்தில் போகக்கூடிய இடங்கள் கூடியிருக்கின்றன. செந்தூருக்கும் போங்கள். அதே வாரத்தில் பிள்ளையின் காதைப் பரிசோதிக்கவும் போங்கள்.

அந்தக் குமரகுருபரர்தான் பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைத் தமிழ் படித்தவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். என்னைப் போன்ற மருத்துவனுக்கு அதில் ஒன்று கண்ணில் படுகிறது. சப்பாணியில் குழந்தையைக் கைகொட்டச் சொல்கிறார்கள். முத்தப் பருவத்தில் முத்தம் கேட்கிறார்கள். வருகையில், கூப்பிட்டால் வா என்கிறார்கள். அம்புலியில் நிலாவைக் காட்டி, இவளோடு விளையாட வா என்று அந்த நிலாவையே அழைக்கிறார்கள். கைதட்டுவது, கேட்டதைக் கொடுப்பது, கூப்பிட்டால் திரும்புவது, காட்டினால் பார்ப்பது. ஏறக்குறைய ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாங்கள் ஒரு குழந்தையிடம் தேடுவதும் இவற்றைத்தான். நம் புலவர்களுக்கு ஆட்டிசம் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அவர்களுக்கும் பெருமையில்லை. அவர்கள் குழந்தையைக் கூர்ந்து பார்த்தார்கள். வாய்ச்சொல் வருவதற்கு முன்பே பிள்ளைக்கும் தாய்க்கும் இடையில் ஒரு பெரிய பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்டார்கள்.

அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்பது "எத்தனை வார்த்தை பேசுகிறான்?" என்பதை அல்ல. "விரல் நீட்டிக் காட்டுகிறானா?" என்பதைத்தான்.

நிலாச்சோறு ஊட்டும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். "அங்க பாரு நிலா" என்று நீங்கள் கை நீட்டுகிறீர்கள். ஆறு மாதக் குழந்தை உங்கள் கையைப் பார்க்கும். ஒரு வயதை நெருங்கும்போது கையை விட்டுவிட்டு, அது போகும் திசையைப் பார்க்கும். நிலாவைப் பார்க்கும். பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்ப்பதுதான் பெரிய விஷயம். "நானும் பாத்துட்டேன், நீயும் பாக்குறியா?" என்று அதற்குப் பொருள். கொஞ்ச நாளில் குழந்தையே விரல் நீட்ட ஆரம்பிக்கும். அதிலும் இரண்டு வகை உண்டு. பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது "எனக்கு வேணும்" என்பதற்காக. தெருவில் போகும் மாட்டைக் காட்டுவது மாடு வேண்டும் என்பதற்காக அல்ல. "நீயும் பாரேன்" என்பதற்காக. இந்த இரண்டாவது விரல்தான் பேச்சுக்குக் கதவைத் திறக்கிறது. ஒரே பொருளை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் அந்தக் கணத்தில் நீங்கள் "மாடு" என்கிறீர்கள். சொல் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் இந்த "நீயும் பாரேன்" தாமதமாகிறது, அல்லது குறைவாக இருக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், உங்கள் கையைக் குடத்தின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், அடுத்த அறையில் விளம்பரப் பாட்டு கேட்டால் ஓடுவான். கார் பொம்மையை ஓட்டாமல் கவிழ்த்து, சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வான். இதில் ஏதோ ஒன்று எல்லாக் குழந்தைகளிடமும் எப்போதாவது இருக்கும். பல சேர்ந்து, நாள்தோறும், எல்லா இடத்திலும் இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

சில எல்லைகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ, டாட்டா காட்டுவது, விரல் நீட்டுவது போன்ற சைகையோ இல்லை என்றால். பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்றால். இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என்று தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால், பரிசோதனைக்கு வாருங்கள். வந்த சொல் மறைந்தாலோ, முன்பு சிரித்து விளையாடிய குழந்தை விலகிப்போனாலோ, அது எந்த வயதானாலும், அடுத்த நாளே வாருங்கள். பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டிசம் ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. அதனாலேயே பெண் குழந்தை ஒதுங்கி இருந்தால் "கூச்ச சுபாவம், அடக்கமான பொண்ணு" என்று பாராட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். அந்தப் பாராட்டில் அவளுக்குச் சில வருடங்கள் வீணாகின்றன.

இப்போது பயந்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு வயதுக் குழந்தைகள் நூறு பேரில் பத்திலிருந்து பதினைந்து பேர் பேச்சில் பின்தங்கியிருப்பார்கள். ஆட்டிசமோ, உலக அளவில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு என்பது உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த மதிப்பீடு. ஆகவே தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் இல்லை. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டைத் திருத்தியபோது, பேச்சுத் தாமதத்தை ஆட்டிசத்தின் அடையாளப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. பேச்சு தாமதமாகும் எல்லோருக்கும் ஆட்டிசம் இல்லை. ஆட்டிசம் உள்ள சிலர் நேரத்தோடு நிறையவே பேசுகிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளை தானாகச் சேர்ந்துவிடும் பிள்ளையா, உதவி வேண்டிய பிள்ளையா என்று இரண்டு வயதில் பக்கத்து வீட்டாரால் சொல்ல முடியாது. பல நேரங்களில் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் சந்தேகம் வந்தவுடனே உதவியைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறேன். உதவி தேவைப்படாத பிள்ளையோடு ஆறு மாதம் கூடுதலாக விளையாடினால் நட்டம் ஒன்றுமில்லை.

முதல் பரிசோதனை காது. "கதவு சாத்தினா திரும்புறானே, காது நல்லாத்தான் இருக்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். கதவுச் சத்தம் பெரிது. பாதி கேட்கும் குழந்தைக்கும் அது கேட்கும். "பல்", "பால்", "கல்", "கால்" என்பதில் உள்ள வித்தியாசம் கேட்காது. அதைக் கண்டறிய பெரா டெஸ்ட் என்ற காதுப் பரிசோதனை வேண்டும். குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள், வலி கிடையாது. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் திருமணம் செய்த வீடுகளில் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடுதல். அவர்கள் தள்ளிப்போடவே கூடாது. காது கேளாமை உறுதியானால், ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்க முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. சீக்கிரம் வைத்தால் பலன் மிக அதிகம்.

அடுத்தது போன். இதில் இரண்டு தவறான பேச்சு நடக்கிறது. போன்தான் ஆட்டிசத்தைக் கொண்டுவருகிறது என்பது ஒன்று, அப்படி நிரூபிக்கப்படவில்லை. "ஏபிசிடி எல்லாம் போன்ல பாத்தே கத்துக்கிட்டான்" என்று மகிழ்வது இன்னொன்று. அமெரிக்க உச்சரிப்பில் ரைம்ஸ் பாடும் இரண்டரை வயதுப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். ஊதா, பச்சை, முக்கோணம் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். பசித்தால் "அம்மா, சோறு" வராது. பாட்டை ஒப்பிப்பது வேறு, பேச்சு வேறு. பேச்சு என்றால் எதிரில் ஒரு ஆள் வேண்டும், அவரிடமிருந்து ஏதோ வேண்டும், அவர் பதிலுக்கு ஏதோ செய்ய வேண்டும். திரை எதற்கும் காத்திருப்பதில்லை. குழந்தை பார்த்தாலும் பாராவிட்டாலும் அது பாடிக்கொண்டே இருக்கும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்குமேல் ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஊட்டும் நேரத்தில் போனை எடுத்துவிட்டால் மூன்று நாள் வீடு ரணகளமாகும். தெரியும். அதைத் தாண்டி வாருங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ரெண்டு மொழி கேட்டுத்தான் குழம்புறான், வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று சில பள்ளிகளில் சொல்லி அனுப்புகிறார்கள். இது தவறு, பெரிய தவறு. இரண்டு மொழி கேட்பது பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை, ஆட்டிசத்தைக் கொண்டுவருவதும் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். தாய் தனக்கு வராத ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால், கொஞ்சலும் திட்டலும் கதையும் அந்த வீட்டிலிருந்து போய்விடும். "கம், சிட், ஈட்" மட்டும் மிஞ்சும். பாட்டியோடு பேச்சு அறுந்துபோகும். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியில் பேசுங்கள்.

இனி, இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் மனதில் அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "என்னாலதான் இப்படி ஆச்சோ?"

அதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1938இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டிரிப்லெட் என்ற வழக்கறிஞர், பால்டிமோரில் இருந்த லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவருக்கு 33 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். தன் மகன் டொனால்டைப் பற்றி ஒன்று விடாமல் எழுதியிருந்தார். இரண்டு வயதிலேயே திருச்சபையின் வினா விடையில் 25 கேள்வி பதிலை ஒப்பித்தான். ஆனால் தானாக ஒரு கேள்வி கேட்கவோ, கேட்டதற்குப் பதில் சொல்லவோ இல்லை. தனியாக இருப்பதில் மகிழ்ந்தான். "நீ", "நான்" மாற்றிப் பேசினான். இங்கேயும் "தண்ணி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே நம் கையை இழுக்கும் பிள்ளைகள் உண்டு, தனக்குத் தண்ணீர் வேண்டும் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். 1943இல் கானர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பதினொரு குழந்தைகள் இருந்தார்கள். முதல் குழந்தை டொனால்ட். ஆட்டிசம் பற்றி இன்று மருத்துவம் அறிந்தவற்றின் தொடக்கத்தில், கவலைப்பட்ட ஒரு தகப்பனின் கடிதம் இருக்கிறது. உங்கள் கவலையை யாராவது "ஓவரா யோசிக்கிறீங்க" என்று ஒதுக்கினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் குறித்து எழுதுங்கள், போனில் படம் பிடித்து வையுங்கள். அறையில் நான் பார்க்கும் பத்து நிமிடத்தைவிட நீங்கள் பார்ப்பது அதிகம்.

ஆனால் அதே மருத்துவ உலகம் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றியது. பாசமில்லாத, உறைந்துபோன தாயால்தான் பிள்ளை இப்படியாகிறது என்றார்கள். கானரே 1949இல் அந்தத் திசையில் எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹெய்ம் ஒரு புத்தகம் எழுதி அதை ஊரறியச் செய்தார். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தே வாழ்ந்து முடிந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது என்று 1964லேயே எழுதினார். 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கானர் உங்கள் மேல் குற்றமில்லை என்று சொன்னார். 1977இல் வந்த இரட்டையர் ஆய்வு, மரபணுக்களுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டியது. வழக்கு அங்கே முடிந்தது. நம் வீடுகளில் மட்டும் முடியவில்லை. "வேலைக்குப் போறா, அதான்", "மாசமா இருக்கும்போது அழுதுகிட்டே இருந்தா, அதான்", "தனிக்குடித்தனம், பேச ஆள் இல்ல, அதான்." இவை எதுவும் ஆட்டிசத்துக்குக் காரணமில்லை. பாட்டிமார்களே, இதை உங்களிடம் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்: இன்றோடு அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள். அந்தத் தாய்க்கு இப்போது உங்கள் கை வேண்டும்.

தடுப்பூசியும் காரணமில்லை. 1998இல் லான்செட் இதழில் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரைதான் அந்தப் பயத்தைக் கிளப்பியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் எந்தத் தொடர்பும் இல்லை. கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம், ஆட்டிசத்துக்கும் வாய்ப்பு கூடும். அந்த ரூபெல்லாவைத் தடுப்பதே அந்தக் கட்டுரை பயமுறுத்திய ஊசிதான்.

எங்கே போவது? அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வருகிறது. 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் அது. அந்த நாளில் பிள்ளையை அனுப்பாமல் இருக்காதீர்கள். அவர்கள் அனுப்பினாலும், நீங்களே போனாலும், டி.இ.ஐ.சி. என்று சொல்லும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் காது, பேச்சு, வளர்ச்சி மூன்றையும் இலவசமாகப் பார்ப்பார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று ஒளிக்காதீர்கள். பள்ளியிலும் தேர்விலும் அவனுக்குரிய சலுகை அந்தச் சான்றிதழில்தான் இருக்கிறது.

பயிற்சி என்றால் வாரம் இரண்டு நாள் தெரபிக்குக் கொண்டுபோய் விடுவது மட்டும் இல்லை. மிச்ச நேரமெல்லாம் அவன் உங்களோடுதான். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பெரிய நிபுணர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைக் கவனித்துப் பதில் தருவது கூடியது. குழந்தை தானாகத் தொடர்பு கொள்வதும் கூடியது. நம் ஊருக்கு ஏற்ற வழி இதுதான் என்று நம்புகிறேன்.

வீட்டில் செய்வது இப்படி. தரையில் உட்காருங்கள், அவன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். "சொல்லு, அம்மா சொல்லு, சொன்னாத்தான் பிஸ்கட்" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் டம்ளரை உருட்டினால் நீங்களும் ஒரு டம்ளரை உருட்டுங்கள். "உருளுது" என்று ஒரே சொல். பிறகு சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பது நமக்கு வரவே வராது. உடனே அடுத்ததைச் சொல்லிவிடுவோம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் ஒரு பார்வை பார்த்தாலும், "உ" என்றாலும் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் கொடுங்கள். ஊஞ்சலைப் பிடித்து நிறுத்திக் காத்திருங்கள். அவன் முகம் பார்த்ததும் ஆட்டுங்கள். தோசை வார்க்கும்போது, குளிக்கும்போது, கொடியில் துணி காயப்போடும்போது இதெல்லாம் நடக்கலாம். அப்பாக்களும் இதைச் செய்ய வேண்டும். கூட்டத்தில் உங்கள் எண்ணிக்கை குறைவாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பணம் கட்டுவதோடு உங்கள் வேலை முடிவதில்லை.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஸ்டெம்செல் ஊசிக்காக நகையை விற்றவர்களையும் நிலத்தை அடமானம் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு, ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. யாராவது "ஆறு மாசத்துல நார்மல் ஆக்குறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி. "என் பிள்ளை பேசுவானா?" 2013இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நான்கு வயதில் சொற்களைச் சேர்த்துப் பேசாத, ஆட்டிசம் உள்ள 535 குழந்தைகள். எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ பார்த்தபோது 70 விழுக்காட்டினர் சொற்றொடர் பேசினார்கள், 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். சிலர் பேசவில்லை. அவர்களுக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. படம் தொட்டுப் பேசும் ஆவாஸ் என்ற செயலி சென்னையில் உருவானது; தமிழிலும் இருக்கிறது. அட்டையில் ஒட்டிய பத்துப் படங்களோடும் தொடங்கலாம். படத்தைக் காட்டப் பழகினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆய்வுகளில் அப்படி எதுவும் இல்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடியிருக்கிறது.

கடிதத்தில் வந்த டொனால்டை மூன்று வயதில் காப்பகத்தில் விட்டுவிடச் சொன்னார்கள் மருத்துவர்கள். விட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில், அவர்கள் பேச்சை மீறிப் பெற்றோர் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அவர் கல்லூரியில் படித்தார், வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகள் சுற்றினார். சொந்த ஊரில், அவரை அறிந்து ஏற்றுக்கொண்ட மனிதர்களுக்கு நடுவில் வாழ்ந்து, 2023இல் 89 வயதில் காலமானார்.

நான் பேசியது போதும். பக்கத்து அறையில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறார். பிள்ளையைக் காட்ட விரும்புகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் கேளுங்கள், எது வேண்டுமானாலும் கேளுங்கள்.